எத்தியோப்பியச் சித்திரச் சுவடிகள்: ஓவியமா, நூலா?

எத்தியோப்பியாவின் வடபகுதியில், திக்ரே மாநிலத்து அத்வா நகருக்கு அண்மையில், மலைகளுக்கிடையே அப்பா கரிமா மடம் அமைந்துள்ளது. அவர்தம் மொழியிலும் ‘அப்பா’ என்னும் சொல் தந்தையையே குறிக்கும். துறவியர்க்கு அதுவே மதிப்புப் பெயர். ஒலி ஒத்தது கொண்டு உறவு கற்பிக்க வேண்டுவதில்லை. எனினும் தமிழ்ச் செவிக்கு அது இனிதாகவே இருக்கிறது. அம்மடத்தார் வழிவழியாக ஒரு கதை கூறுவர். கரிமா என்னும் துறவி ஒருநாள் நற்செய்தி நூலைப் படியெடுக்க அமர்ந்தார். பணி முடியுமுன் பொழுது சாயத் தொடங்கிற்று. அவர் இறைவனை வேண்ட, எழுதி முடியும் வரையில் கதிரவன் மேற்கில் இறங்காது நின்றானாம். அன்று எழுதிய நூலே இன்றும் தம்மிடம் உள்ளது என்பது அவர்கள் நம்பிக்கை.

ஒரே நாளில் எழுதினார் என்பதை நாம் கதையாகவே கொள்ளலாம். ஆனால் கரிமா வாழ்ந்ததாகக் கூறப்படும் ஆறாம் நூற்றாண்டினவே இச்சுவடிகள் என்னும் பகுதியையும் ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் ஏற்கவில்லை. 1948இல் பியாட்ரிஸ் பிளேன் என்னும் ஆங்கில ஓவியர் அங்குச் சென்றார். பெண்டிர் மடத்தினுள் புகும் வழக்கம் இல்லாமையால் துறவியர் நூல்களை வெளியே கொணர்ந்து காட்டினர். பின்னர் அவற்றை ஆராய்ந்தோர் பதினோராம் நூற்றாண்டை ஒட்டியவை என்றே மதிப்பிட்டனர். ஒப்பிட்டுப் பார்க்க அத்துணைப் பழைய எத்தியோப்பியச் சுவடி வேறில்லாமை ஒரு காரணம். அந்நாட்டில் அவ்வளவு தொன்மையான சித்திர நூல் தோன்றியிருத்தல் அரிது என்ற எண்ணம் மற்றொன்று. 2000ஆம் ஆண்டு தோலின் சிறு துணுக்குகள் எடுக்கப்பட்டு ஆக்ஸ்போர்டில் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தப்பட்டன. அவை கி.பி. நான்காம் நூற்றாண்டு முதல் ஏழாம் நூற்றாண்டு வரையிலான காலத்தவை எனத் தெரிய வந்தது. ஜூடித் மெக்கென்சியும் பிரான்சிஸ் வாட்சனும் 2016இல் வெளியிட்ட நூல் அம்முடிவை விரிவாக நிறுவியது. அயர்லாந்தின் புகழ்பெற்ற கெல்ஸ் நூல் கி.பி. 800ஐ ஒட்டியது, சிரியா நாட்டு ரபுலா நூல் 586இல் முடிந்தது. இவற்றோடு வைத்து எண்ணினால் கரிமாச் சுவடிகளின் பெருமை விளங்கும்.

அறிஞரின் அளவுகோல் பிழைத்தது. துறவியரின் நினைவு பிழைக்கவில்லை. இதிலிருந்தே நம் திறனாய்வு தொடங்குகிறது. எத்தியோப்பியச் சுவடிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றிலுள்ள ஓவியங்களை மட்டும் தனியே எடுத்து நிறுத்தி, ‘எளிமையானவை, குழந்தைத்தன்மை உடையவை’ எனப் பாராட்டவோ, ‘பிறரிடம் கடன் பெற்றவை’ எனக் குறைகூறவோ செய்கின்றனர். இரண்டும் பொருந்தா என்பது நம் கருத்து. அவை சுவரில் மாட்டுதற்கு எழுந்த ஓவியங்கள் அல்ல. ஓதுதற்கு எழுந்த நூல்களின் உறுப்புகள். நூலாக வைத்துப் பார்த்தாலன்றி அவற்றின் கலையும் புலப்படாது. அவற்றுக்கு நேர்ந்த இழப்பும் புலப்படாது. அவ்விழப்போடு மும்பையில் வாழும் நமக்கு ஒரு தொடர்பும் உண்டு. அதனை உரிய இடத்திற் காண்போம்.

தோலும் மையும்

இச்சுவடிகளின் ஏடு விலங்கின் தோல். ‘பிரானா’ என்பது அதன் பெயர். பெரும்பாலும் வெள்ளாட்டுத் தோலே பயன்படும். செருப்புக்கும் பைக்கும் ஆவதுபோல் இது பதனிடப்படுவதன்று. தோலை நீரில் ஊற வைத்து, மரச்சட்டத்தில் நாற்புறமும் கயிறிட்டு இறுக்கிக் கட்டுவர். உட்புறத்து ஊனையும் கொழுப்பையும் கத்தியால் வழித்து, நுரைக்கல்லால் தேய்ப்பர். மறுபுறத்து மயிரையும் அவ்வாறே களைவர். வெயிலில் விறைத்து உலர்ந்த பின் அதுவே எழுதும் ஏடாகிறது. நல்ல ஏட்டைக் கையால் தடவினால் எது மயிர்ப்புறம், எது ஊன்புறம் என்று எளிதிற் சொல்ல இயலாது. ஒரு தோலில் சில ஏடுகளே தேறும். ஆகவே, ஒரு பெரிய நற்செய்தி நூலுக்கு ஒரு மந்தையே வேண்டும். நூல் செய்வித்தல் அரசர்க்கும் செல்வர்க்கும் மடங்களுக்கும் மட்டுமே இயன்ற கொடையாக இருந்தமைக்கு இது ஒரு காரணம்.

மை கரியால் ஆவது. விளக்கின் புகைக்கரியோ அடுப்புக்கரியோ எடுத்து, கருக வறுத்த தானியமும் பிசினும் சேர்த்து அரைத்து, நீண்ட நாள் ஊறவைத்துப் பக்குவம் செய்வர். சிவப்பு மை தனியே உண்டு. எழுதுவோன் மேசை நாற்காலி வேண்டாதவன். வெளியில் நிலத்தமர்ந்து, முழங்காலின்மேல் ஏட்டை வைத்து, நாணற்கோலால் எழுதுவான். அவனருகே இரண்டு மாட்டுக்கொம்புகள் நிலத்தில் குத்தி நிறுத்தப்பட்டிருக்கும். ஒன்றிற் கரிய மை. மற்றொன்றிற் சிவப்பு மை. எழுதுமுன் குத்தூசியால் ஏட்டின் ஓரங்களில் துளையிட்டு, அத்துளைகளை இணைத்து மையின்றியே கோடு கீறிக்கொள்வான். இக்கோடுகள் கண்ணுக்கு அரிதாகவே தெரியும். ஆயின் வரிகள் பிறழாமல் நிற்பது அவற்றாலேதான்.

கட்டுமானமும் கருதத்தக்கது. மடித்த ஏடுகளை முதுகில் சங்கிலித் தையலாகத் தைத்து, இருபுறமும் மரப்பலகை வைப்பர். பலகை பிளந்தால் அதனையும் தைத்தே சேர்ப்பர். சிறந்த நூலுக்குப் பலகையின்மேல் தோல் போர்த்து, சூட்டுக்கருவியால் சிலுவையும் வரிக்கோலமும் பதிப்பர். பின்னர் ‘மஹ்தர்’ என்னும் தோலுறையில் இட்டு, வாரினால் சுவர் முளையில் தொங்கவிடுவர். நூலகம் என்றதும் நமக்கு அலமாரி நினைவுக்கு வரும். அவர்க்கோ நூல் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறக்கூடிய ஒரு துணை. உறையும் வாரும் நூலின் இலக்கணத்திலேயே அடங்கியவை. எடுத்துச் செல்லவும் ஓதவும் ஆகவே அது பிறந்தது.

எழுத்தே முதல் ஓவியம்

நூல்களின் மொழி கீஸ். அது இன்று எவர்க்கும் தாய்மொழி அன்று. திருச்சபையில் ஓதப்படும் மொழி. அதன் எழுத்து முதலில் மெய்யை மட்டுமே குறித்தது. அக்சும் வேந்தன் எசானாவின் காலமாகிய நான்காம் நூற்றாண்டை ஒட்டி, மெய்யெழுத்தின் வடிவிலேயே சிறு மாற்றம் செய்து உயிரைக் காட்டும் முறை வந்தது. 26 மெய்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவங்கள். உயிர்மெய் எழுத்தை இளமையிலேயே பயின்ற நமக்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. இதில் இந்திய எழுத்துமுறையின் சாயல் உண்டென்று கருதியோரும் உளர். அது முடிந்த முடிபு அன்று.

பெரிய நூல்களில் எழுத்து இரு பத்திகளாக அமையும். ஒவ்வொரு சொல்லின் ஈற்றிலும் இரு புள்ளிகள் வரும். தொடர் முடிந்தால் நான்கு புள்ளிகள். இறைவன், மரியாள், புனிதர் ஆகியோர் பெயர்கள் சிவப்பு மையில் வரும். ஓதுவோன் அப்பெயரை அணுகும் முன்னரே கண் அதனை அறிந்து குரலை ஆயத்தம் செய்துவிடுகிறது. எனவே இங்கு வண்ணம் அழகுக்கு மட்டும் அன்று, ஓதுதலுக்குத் துணை. பகுதிகளின் தலைப்பில் ‘ஹரக்’ என்னும் பின்னற்கோலம் படரும். அச்சொல்லுக்குக் கொடி என்று பொருள். ஒரு கொடி மற்றொன்றின் மேலும் கீழுமாகச் சென்று முடிச்சிட்டு மீள்வதைப் பின்தொடர்ந்து முடிக்கும்போது, நம் கண் எழுத்தின் தொடக்கத்தில் வந்து நிற்கிறது. தலைவாயிலில் கோலமிடும் கருத்தும் இதுவேயன்றோ? நுழைவதற்கு முன் நிற்க வைப்பது அதன் தொழில்.

கரிமாச் சுவடிகளின் தொடக்கத்தில் வரும் அட்டவணைகளும் இத்தகைய வாயில்களே. நான்கு நற்செய்திகளிலும் ஒத்த பகுதிகள் எவை என்று காட்டச் செசரியாவின் யூசீபியஸ் அமைத்த எண் அட்டவணைகள் அவை. வெறும் எண்களாக நில்லாமல், தூண்களும் வளைவுகளும் திரைகளும் பறவைகளும் சூழ அவை எழுதப்பட்டுள்ளன. ஒரு பொருளடக்கத்தை மண்டபமாக்கிய கற்பனை இது. படிப்பவன் தாளைப் புரட்டவில்லை. தூண்களுக்கிடையே நடந்து உள்ளே செல்கிறான்.

கண்ணின் இலக்கணம்

இனி உருவங்களுக்கு வருவோம். எத்தியோப்பிய ஓவியத்தில் முதலிற் கருத்தைக் கவர்வன பெரிய, அகன்ற கண்கள். நல்லோரை இரு கண்ணும் தெரிய எழுதுவர். தீயோரையும் பேய்களையும் பக்கவாட்டில் ஒரு கண்ணே தெரிய எழுதுவர். இதனை விதிவிலக்கற்ற சட்டமாகக் கொள்ளுதல் ஆகாது. காலத்துக்கும் கைக்கும் ஏற்ப வேறுபடும். எனினும் பிற்கால ஓவியங்களை அறிய இது நல்ல திறவுகோல். உருவம் நம்மைப் பார்க்கிறதா, நம்மைத் தவிர்க்கிறதா என்பதே அங்கு அறத்தின் அடையாளம். ஓதுவோன் ஏட்டைப் பார்க்கிறான். ஏட்டிலுள்ள புனிதன் ஓதுவோனைப் பார்க்கிறான். இந்த எதிர்நோக்கு இல்லையேல் அவ்வோவியத்தில் பாதி இல்லை.

குந்தகுந்தே மடத்தைச் சார்ந்த சுவடிகள் இதற்குச் சிறந்த சான்று. எஸ்திபானோஸ் என்னும் துறவியின் வழிவந்த அவர்கள் அரசனை வணங்க மறுத்து, பதினைந்தாம் நூற்றாண்டில் பேரரசன் சாரா யாக்கோபின் கடுந்தண்டனைக்கு உள்ளானவர்கள். அவர்தம் சுவடிகளில் உடல் என்பது உடலாகவே இராது. வட்டமும் பட்டையும் வரியுமாக மாறிவிடும். உடையின் மடிப்பு பின்னற்கோலமாகும். அந்தக் கோலத்தின் நடுவிலிருந்து முகமும் கண்ணும் மட்டும் நம்மை நோக்கும். ‘உடலமைப்பு அறியாதவன் எழுதியது’ என்று சொல்வது எளிது. அரசனுக்கும் வளையாதவர்கள் உடலை இவ்வாறு கோடுகளுக்குள் அடக்கி, பார்வையை மட்டும் விடுவித்து எழுதினர் என்று காண்பதே பொருந்தும்.

கடன் பெற்றமை பற்றிய குறைக்கும் விடை உண்டு. 1591இல் ரோமாபுரியில் அரபு மொழியில் அச்சான நற்செய்தி நூலின் மரவெட்டுப் படங்கள் எத்தியோப்பியாவை அடைந்தன. பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் அவற்றைப் பார்த்து எழுதினர் என்பது உண்மை. ஆனால் எதனைக் கொண்டனர், எதனை விட்டனர் என்று பார்த்தலே திறனாய்வு. யார் எங்கே நிற்கிறார், எவர் கை எங்கே நீள்கிறது என்னும் அமைப்பைக் கொண்டனர். தூரம் காட்டும் ஆழத்தையும் உருவத்தைத் திரட்டிக் காட்டும் நிழலையும் விட்டனர். அவ்விடத்தில் மஞ்சளும் சிவப்பும் நீலமும் தட்டையாகப் பரவின. பொன்னும் அரிதாகவே வரும். பைசாந்திய ஓவியன் பொன் பூசும் இடத்தில் இவன் மஞ்சளைப் பூசுவான். இயலாமையால் விட்டவை எனின், அமைப்பையும் அல்லவா விட்டிருப்பர்? வேண்டாதவற்றையே விட்டனர் என்பது தெளிவு.

அரசர் தாவீதின் ஆட்சியில், 1400ஐ ஒட்டி, கீஸ் மொழிக்கு வந்த ‘மரியாளின் அற்புதங்கள்’ என்னும் நூல் இக்கலைக்குப் பெரிய களமாயிற்று. அவன் மகன் சாரா யாக்கோபு அதனைத் திருச்சபைகளில் ஓதச் செய்தான். அதிலுள்ள கதைகளுள் ஒன்று மனிதரைத் தின்ற ஒருவனைப் பற்றியது. தாகத்தால் வாடிய தொழுநோயாளி ஒருவன் மரியாளின் பெயரால் கேட்க, அவன் ஒரு கையளவு நீர் கொடுத்தான். இறந்தபின் தராசு நிற்கிறது. ஒரு தட்டில் அவன் கொன்ற உயிர்கள். மறுதட்டில் அந்தச் சிறு நீர். மரியாளின் அருளால் நீரின் தட்டே தாழ்கிறது. கொண்டார் நகர் தலைநகராக விளங்கிய காலத்து ஓவியர் இக்கதையை விரும்பி எழுதினர். ஓதக் கேட்கும் எழுத்தறியா உழவனும் அத்தராசைப் பார்த்தால் கதை முழுவதும் உணர்வான். இங்கும் ஓவியம் நூலின் குரலுக்கு உடன்குரலாகவே நிற்கிறது.

பெயரும் சாபமும்

நூல் அச்சமுதாயத்தில் எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கு நூற்சுருள்கள் ஒரு சான்று. நோயுற்றோர்க்கும் மகப்பேற்றில் துன்புற்ற பெண்டிர்க்கும் ‘தப்தரா’ எனப்படும் கற்றோர் தோற்சுருள் எழுதித் தருவர். சுருளின் நீளம் அணிவோரின் உயரம். தலை முதல் கால்வரை காப்பு என்பது கருத்து. வேண்டுதல்களுக்கு நடுவே அவர் பெயரையும் எழுதுவர். இடையிடையே பேயை விரட்டும் பெருங்கண்கள் விழித்து நிற்கும். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினாலும், எழுத்தின்மேல் ஒரு மக்கள் வைத்த நம்பிக்கைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பெரிய நூல்களிலும் பெயர் உண்டு. எழுதுவித்தோன் பெயர் வேண்டுதல்களில் வரும். நூல் கைமாறினால் பழைய பெயரைச் சுரண்டிப் புதிய பெயரை எழுதுவர். நற்செய்தி நூலின் வெற்றேடுகளில் நிலக்கொடைகளைப் பதிந்து வைப்பர். பொய்க்க அஞ்சும் இடம் அதுவாகலின் அதுவே ஆவணக் களரியாயிற்று. நூலின் இறுதியில், ‘இதனைத் திருடுவோனும் அழிப்போனும் சபிக்கப்படுவான்’ என்னும் கருத்தில் ஒரு சாபமும் இருக்கும். ஆக, ஒரே கட்டினுள் வேதமும் ஓவியமும் ஊரின் நிலப்பதிவும் முன்னோர் பெயரும் உள்ளன. அதிலிருந்து ஓர் ஓவிய ஏட்டை மட்டும் வெட்டியெடுத்துச் சந்தையில் விற்பது, ஒரு குடும்பப் படத்திலிருந்து ஒரு முகத்தைக் கத்தரிப்பது போன்றது. அவ்வாறு வெட்டிய ஏடுகள் இன்றும் உலகச் சந்தையில் விலைபோகின்றன. அவற்றை ‘அழகிய ஓவியம்’ என்று மட்டும் பாராட்டும் திறனாய்வும் அவ்வெட்டுக்குத் துணைபோவதே ஆகும்.

உலகிற்கு இச்சுவடிகள் செய்த உதவியும் பெரிது. யூதரின் பழைய நூலாகிய ஏனோக்கின் நூல் முழுமையாக எஞ்சியது கீஸ் மொழியில் மட்டுமே. ஜேம்ஸ் புரூஸ் என்னும் பயணி 1773இல் அதன் படிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற பிறகே அந்நாட்டு அறிஞர் அதனை முழுதும் அறிந்தனர். மூலம் தொலைந்தும் நூல் தொலையாமல் காத்தவை ஆட்டுத்தோலும் அடுப்புக்கரியுமே.

மும்பையிலிருந்து புறப்பட்ட படை

இனி, முன்னர்க் குறித்த தொடர்பைக் கூறுவோம். பேரரசன் தெவோத்ரோஸ் மக்தலா மலைக்கோட்டையில் ஒரு திருக்கோயிலுக்காக நாடெங்கிலுமிருந்து ஆயிரத்தை ஒட்டிய சுவடிகளைத் திரட்டியிருந்தான். பிரிட்டன் தன் வேண்டுகோளுக்கு மறுமொழி தராமையால் வெகுண்டு அந்நாட்டார் சிலரைச் சிறையிட்டான். அவர்களை மீட்க ராபர்ட் நேப்பியர் தலைமையில் சென்ற படை இந்த மும்பையில் உருவாகி, இத்துறைமுகத்திலிருந்து செங்கடலைக் கடந்தது. ஏறத்தாழ 13,000 வீரருள் பெரும்பாலோர் இந்தியர். மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற்படையும் அதில் இருந்தது. ‘அபிசீனியா’ என்பது அப்படையின் போர்ச் சிறப்புப் பெயர்களுள் ஒன்று. தமிழரும் தெலுங்கரும் நிறைந்த படை அது. மலையில் பாதை வெட்டிய கைகளில் நம் முன்னோர் கைகளும் இருந்தன.

1868 ஏப்ரல் 13 அன்று கோட்டை வீழ்ந்தது. தெவோத்ரோஸ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மாண்டான். கொள்ளைப் பொருளைப் பதினைந்து யானைகளும் இருநூற்றை ஒட்டிய கோவேறு கழுதைகளும் சுமந்தன. சில நாள்களுக்குப் பின் ஒரு சமவெளியில் ஏலம் நடந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சார்பில் ரிச்சர்டு ஹோம்ஸ் என்பவர் அங்கிருந்து வாங்கினார். 350 அளவிலான மக்தலாச் சுவடிகள் இவ்வாறு இலண்டனை அடைந்தன; அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. திருடுவோனைச் சபிக்கும் வரிகளோடுதான் அங்குப் பல சுவடிகள் உறங்குகின்றன.

1872இல் பேரரசன் நான்காம் யோகன்னஸ், ‘கெப்ர நெகஸ்த்’ என்னும் நூலைத் திருப்பித் தருமாறு எழுதினான். அந்நூல் இன்றேல் தன் மக்கள் தன் ஆணைக்குக் கீழ்ப்படியார் என்பது அவன் கூறிய காரணம். ஒரு நூல் இல்லாமல் ஆட்சியே செல்லாது என்று ஓர் அரசன் எழுதுகிறான்! அந்நூல் திருப்பித் தரப்பட்டது. ஏனையவற்றுள் பெரும்பாலானவை மீளவில்லை. 2021இல் தனியாரிடமிருந்த மக்தலாப் பொருள்கள் சில அடிஸ் அபாபாவுக்கு வந்து சேர்ந்தன.

‘இலண்டனில் இருந்ததால்தானே அவை பிழைத்தன’ என்போர் உண்டு. அவ்வாதத்தை எளிதில் தள்ளவும் இயலாது. 2020 நவம்பர் முதல் 2022 நவம்பர் வரை திக்ரேயில் நடந்த போரில் கோயில்களும் மடங்களும் சிதைந்தன. சுவடிகள் கொள்ளை போயின. ஆயினும், உலகின் மிகத் தொன்மையான சித்திர நற்செய்திகளை ஆயிரத்து நானூறு ஆண்டுகள் காத்தது எந்த அருங்காட்சியகம்? ஒரு மலைமடம்தான். அவை பிற்காலத்தில் தவறாகத் தைக்கப்பட்டுச் சீர்கெட்டிருந்தபோது, வல்லுநர் அம்மடத்துக்கே சென்று, துறவியர் கண்முன்னரே செப்பம் செய்தனர். நூல் மடத்தை விட்டு நீங்கவில்லை. அறிஞன் நூலைத் தேடிச் செல்வதே முறை. நூல் அறிஞனைத் தேடி நாடு கடப்பது முறையன்று.

1973இல் தொடங்கிய நுண்படத் திட்டம் பல்லாயிரம் சுவடிகளைப் படமெடுத்துக் காத்தது. எத்தியோப்பிய அறிஞர் கெத்தாச்சூ ஹைலே, 1975இல் குண்டடிபட்டு நடக்க இயலாதவராகி அமெரிக்கா சென்றும், தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அப்படங்களை அட்டவணைப்படுத்துவதற்கே அளித்து 2021இல் மறைந்தார். பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவில் இருந்துகொண்டே அதன் ஏடுகளை அவர் ஒவ்வொன்றாகப் படித்தார், பெயரிட்டார், உலகறியச் செய்தார். தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்துகொண்டு, தமிழுக்கு நம்மால் என்ன செய்ய இயலும் என்று சில வேளைகளில் சோர்வடையும் நாம் அவரை நினைத்துக்கொள்ளுதல் தகும்.

நம் சுவடிகளும் பாரிசிலும் இலண்டனிலும் உள்ளன. மலையில் பாதை வெட்டியவர் வழிவந்த நமக்கு எத்தியோப்பியரின் இழப்பை அறியும் கடமை சற்றுக் கூடுதலாகவே உண்டு. அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெருங்கண்களை என்றேனும் காண நேர்ந்தால், ‘எத்துணை அழகு’ என்பதோடு நில்லாமல், ‘இதனை ஓதியவர் யார், எந்தச் சுவர் முளையில் தொங்கிற்று, யார் பெயர் இதில் எழுதியிருக்கிறது’ என்றும் கேட்போமாக. அக்கேள்விகளோடு பார்க்கும்போதுதான் அது மீண்டும் நூலாகிறது.